சக்கர நாற்காலியில் ஓர் அறுவை மருத்துவர்: மேரி வர்கீஸின் வாழ்வும் தன்னை வெறுத்தலும் – ஒரு நிகழ்வு ஆய்வு

1954 ஜனவரி மாதக் கடைசி. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் இளம் மருத்துவர்கள் சிலர் ஒரு வண்டியில் உல்லாசமாகப் புறப்பட்டார்கள். வழியில் வண்டி கவிழ்ந்தது. அதில் இருந்தவர்களில் ஒருவர் மேரி வர்கீஸ். கொச்சிக்கு வடக்கே செராயி என்ற கடலோர ஊரில் 1925இல் பிறந்தவர். சிரியன் கிறிஸ்தவக் குடும்பம். வேலூரிலேயே மருத்துவம் படித்து முடித்தவர். பெண்கள் நோய் மருத்துவத்தில் தேர்ச்சி பெறுவது அவருடைய திட்டமாக இருந்தது. முகத்தில் பெரிய காயம். முதுகுத்தண்டு முறிந்திருந்தது. கால்களில் உணர்வும் இல்லை, அசைவும் இல்லை. அப்போது அவருக்கு வயது 28.

1986இல் அவர் மறையும்வரை ஏறக்குறைய 33 ஆண்டுகள் அந்தக் கால்களை அவரால் அசைக்க முடியவே இல்லை. அந்த ஆண்டுகளில்தான் அவர் தொழுநோயாளிகளின் கைகளைச் சீராக்கும் அறுவை மருத்துவரானார். உடல் செயலிழந்தவர்களைத் தாமாக வாழப் பழக்கும் மறுவாழ்வு மருத்துவத்தை நம் நாட்டில் வேரூன்றச் செய்தவர்களில் முன்வரிசையில் நின்றார். 1972இல் பத்மஸ்ரீ பெற்றார். அவருடைய கதையை நம் சபைகளில் சாட்சியாகச் சொல்வார்கள். பெரும்பாலும் இரண்டே வரிகளில் முடித்துவிடுவார்கள்: கால்கள் போயின, கர்த்தர் கைகளைப் பயன்படுத்தினார். பொய்யில்லை. ஆனால் அந்த இரண்டு வரிகளுக்கு நடுவே நடந்ததில்தான் எனக்கு அக்கறை. தன்னை வெறுப்பது, அதாவது ‘நான், எனது’ என்பதை விட்டுக்கொடுப்பது என்று சுவிசேஷம் சொல்வது, முதுகெலும்பு முறிந்து படுத்திருக்கும் ஒருவரிடம் எந்த வடிவத்தில் வந்து சேர்கிறது? இழக்க இனி என்ன இருக்கிறது என்று தோன்றுகிற இடத்தில் இழக்கச் சொல்லப்படுவது எது?

படுக்கையில் நடந்தது

முதுகுத்தண்டு முறிந்தவருக்கு முதல் எதிரி தோல். உணர்வு இல்லாத உடம்பு, ஒரே பக்கம் அழுந்திக் கிடந்தாலும் வலிக்கிறது என்று சொல்லாது. வலி சொல்லாவிட்டால் உடம்பைத் திருப்பத் தோன்றாது. சில மணி நேரத்தில் தோல் சிவக்கும். கவனிக்காமல் விட்டால் எலும்பு தெரியும்வரை புண் போகும். அதனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வேறொருவர் வந்து புரட்டிப் போட வேண்டும், இரவிலும். சிறுநீர், மலம் எதுவும் தன் வசத்தில் இருக்காது. சிறுநீர்த் தொற்று வந்தால் காய்ச்சல் உயிரைக் கொண்டுபோகும். செயலிழந்த கால்கள் சில நேரம் தாமாகவே வெட்டி இழுக்கும். மேரி வர்கீஸுக்கும் அந்த இசிவு இருந்தது. அதற்காகவும் முதுகுத்தண்டுக்காகவும் அவர் மீண்டும் மீண்டும் அறுவைக்கு உட்பட வேண்டியிருந்தது.

இதையெல்லாம் விவரமாக எழுதக் காரணம் இருக்கிறது. அவர் மருத்துவர். நேற்றுவரை கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்போடு கட்டிலருகே நின்றவர், இன்று அதே மருத்துவமனையில் கட்டிலில் கிடக்கிறார். கூடப் படித்தவர்களும் தெரிந்த செவிலியர்களும் அவரைக் குளிப்பாட்டுகிறார்கள்.

வேலூர் மருத்துவமனையின் குறிக்கோள் வாக்கியம் மத்தேயு 20:28இலிருந்து வந்தது: மனுஷகுமாரன் ‘ஊழியங்கொள்ளும்படி வராமல், ஊழியஞ்செய்ய’ வந்தார் என்ற வசனம். ஐடா ஸ்கடர் 1900இல் வேலூரில் மருத்துவப் பணியைத் தொடங்கி, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் திறந்தார். அந்தப் பள்ளி வளர்ந்து கல்லூரியானது. அங்கே படித்தவர்கள் எல்லாரும் இந்த வசனத்தில் ஊறியவர்கள். ஊழியம் செய்யவே நாம் வந்தோம், பெற்றுக்கொள்ள வரவில்லை. எவ்வளவு நல்ல வசனம்! ஆனால் கைகால் ஓய்ந்து கிடப்பவர் இந்த வசனத்தைக் கண்ணாடிபோல முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் என்ன ஆகும்? எனக்கு மற்றவர்கள் செய்கிறார்கள், நான் யாருக்கும் செய்யவில்லை, அப்படியானால் நான் எதற்கு என்ற கேள்விதானே வரும்?

இயேசு தம் சீடர்களின் கால்களைக் கழுவும் காட்சியை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. யோவான் 13இல் பேதுரு, ‘நீர் ஒருபோதும் என் கால்களைக் கழுவப்படாது’ என்கிறான். கேட்டால் பணிவுபோல இருக்கும். இயேசு அதைப் பணிவாக எடுத்துக்கொள்ளவில்லை; நான் உன்னைக் கழுவாவிட்டால் என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை என்கிறார். பெற்றுக்கொள்ள மறுப்பதிலும் ஒரு ‘நான்’ நிமிர்ந்து நிற்கிறது. கொடுக்கிறவன் நான், சுமக்கிறவன் நான், யாருக்கும் பாரமாக இராதவன் நான். கிறிஸ்தவ ஊழியத்தில் இருப்பவர்களுக்குக் கடைசிவரை விடாத ‘நான்’ இதுதான். பணத்தை விடலாம், பதவியை விடலாம். இதை விடுவதற்கு மனம் வராது.

மேரி வர்கீஸின் முதல் இழப்பு கால்கள் என்பார்கள். என் வாசிப்பில் அவர் முதலில் விட்டுக்கொடுத்தது இந்த ‘நானை’. கால்கள் அவரிடமிருந்து பறிக்கப்பட்டவை; பறிக்கப்பட்டதைத் தியாகம் என்று சொல்லக் கூடாது. பிறர் கையால் தூக்கப்பட, கழுவப்பட, புரட்டப்பட மனமார இடம் கொடுத்தாரே, அது அவர் தாமாகக் கொடுத்தது. அப்படி இடம் கொடுக்காதவர்கள் அந்தப் படுக்கையிலேயே கசந்து போவதை மருத்துவமனைகளில் வேலை செய்தவர்கள் பார்த்திருப்பார்கள்.

வலிக்காத கைகள்

இப்போது கதைக்குள் பால் பிராண்ட் வர வேண்டும். கொல்லிமலையில் 1914இல் ஊழியத் தம்பதியருக்குப் பிறந்த எலும்பு முறிவு அறுவை மருத்துவர் அவர். லண்டனில் படித்துவிட்டு 1946இல் வேலூருக்கு வந்தார். அடுத்த ஆண்டு செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனார். அங்கே விரல்கள் மடங்கிச் சூம்பிய ஒரு நோயாளியின் கைக்குள் தன் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். சூம்பிய கைதானே என்று எண்ணியவருக்கு இரும்புக் கிடுக்கியில் கை மாட்டியதுபோல் வலித்தது. அந்த வலிதான் ஒரு துறையையே திறந்துவிட்டது. கை செத்துப்போகவில்லை, முன்கையில் இருக்கும் தசைகள் பலமாகவே இருக்கின்றன, உள்ளங்கையின் சிறு தசைகளுக்குப் போகும் நரம்பு மட்டும் முழங்கை அருகே கெட்டுப்போவதால்தான் விரல்கள் பறவையின் நகம்போல் வளைகின்றன. அப்படியானால் நல்ல தசை ஒன்றின் தசைநாரை இடம் மாற்றி, விரல்களோடு இணைத்தால் என்ன?

இன்னொன்றும் அவர் கண்டார். தொழுநோயில் விரல்கள் அழுகி விழுகின்றன என்றே அதுவரை உலகம் நம்பியது. உண்மையில் நோய் செய்வது வலியைக் கொல்வது. வலி இல்லாததால் சூடான பாத்திரத்தை அப்படியே பிடிக்கிறார்கள், துருப்பிடித்த பூட்டில் சாவியை விரல் கிழியும்வரை திருகுகிறார்கள். இரவில் எலி கடிப்பதுகூடத் தெரியாமல் தூங்கிய நோயாளிகள் இருந்தார்கள். அதற்காக அவர்களுக்குப் பூனைகளைக் கொடுத்து அனுப்பினார்கள்.

அறுவை பலித்தது. விரல் நிமிர்ந்தது. சோற்றைப் பிசைந்து உருட்டி வாய்க்குக் கொண்டுபோக முடிந்தது. நம் ஊரில் கையால் சாப்பிடுகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று நாம் அறிவோம். மடங்கிய விரல் இடுக்கில் பருக்கை வழிந்து ஓட, பந்திக்கு வெளியே உட்கார்ந்து தின்றவர் இப்போது இலையில் கை வைக்கிறார். ஆனால் வெளியே போன நோயாளிகள் திரும்பி வந்தார்கள். கை சரியாகிவிட்டது, ஆனால் தொழுநோயாளி என்பதால் வேலை கொடுக்க யாரும் இல்லை. கை சரியாகிவிட்டதால் முன்போலப் பிச்சையும் விழவில்லை. நல்லது செய்ய வந்தவர்கள் நின்று யோசிக்க வேண்டிய இடம் இது. அதன் பிறகுதான் கல்லூரி வளாகத்தில் ‘நவஜீவ நிலையம்’ என்ற சிறு குடியிருப்பு எழுந்தது. மண் வீடுகள், தச்சுப்பட்டறை, கைத்தொழில் பயிற்சி. கையைத் திருத்துவது பாதி வேலை. அந்தக் கைக்கு ஊரில் ஓர் இடம் வேண்டும்.

இந்த அறுவையை நின்றுகொண்டு செய்யத் தேவையில்லை. நோயாளியின் கையைச் சிறு மேசையில் நீட்டி வைத்து, மருத்துவர் உட்கார்ந்தே மணிக்கணக்கில் செய்யலாம். பால் பிராண்ட் அதைத்தான் மேரி வர்கீஸிடம் எடுத்துச் சொன்னார்: உங்களுக்குக் கைகள் இருக்கின்றன, தொழுநோய்ப் பிரிவுக்கு வாருங்கள்.

இதைப் பெரிய அழைப்பாகக் கற்பனை செய்ய வேண்டாம். 1950களில் தொழுநோய்ப் பிரிவு எந்த இளம் மருத்துவரும் கனவு காணும் இடம் இல்லை. பெயர் கிடைக்காது; பணம் கிடைக்காது; வீட்டார் பயப்படுவார்கள். மேரி போனார். சக்கர நாற்காலியில் அறுவை அரங்குக்குள் நுழைந்தார். முதலில் உதவியாளராக, பிறகு தாமே.

அந்த அரங்கை நான் மனத்தில் விரித்துப் பார்ப்பது உண்டு. மேசைக்கு இந்தப் பக்கம் இடுப்புக்குக் கீழே வலி தெரியாத ஒரு மருத்துவர். அந்தப் பக்கம் விரல்களில் வலி தெரியாத ஒரு நோயாளி. தீப்பட்டாலும் தெரியாது, முள் குத்தினாலும் தெரியாது என்ற எச்சரிக்கையை மற்ற மருத்துவர்கள் புத்தகத்தில் படித்துச் சொல்வார்கள். இவர் அன்று காலையில் தம் கால்களைக் கண்ணால் சோதித்துவிட்டு வந்து சொல்கிறார். அறுவைக்குப் பிறகு மூளை புதிதாகப் பழக வேண்டும். நேற்றுவரை ஒரு வேலை செய்த தசை இன்று வேறு வேலை செய்கிறது, வாரக்கணக்கில் பயிற்சி இல்லாவிட்டால் அறுவை வீண். சலித்துப்போகும் நோயாளிக்கு எதிரே, உடம்பு முழுவதையும் புதிதாகப் பழகிக்கொண்டிருக்கும் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். வாய் திறந்து ஆறுதல் சொல்ல வேண்டிய தேவையே இருந்திருக்காது.

நிறைவு அவருக்கு எங்கே கிடைத்தது என்று கேட்டால், இங்கே என்றுதான் நான் சொல்வேன். நிறைவைத் தேடி அவர் அங்கே போனதாகத் தெரியவில்லை. அடுத்த நோயாளியின் கையில் எந்தத் தசைநார் உயிரோடு இருக்கிறது என்பதே ஒருவருடைய முழுக்கவனமாகிற நாளில், நான் யார், எனக்கு ஏன் இப்படி என்ற கேள்விகள் கூரை இடுக்கில் போய் உட்கார்ந்துகொள்கின்றன. அவை போய்விடுவதில்லை. ஆனால் வீட்டை ஆளுவதில்லை. ‘அவனவன் தனக்கானவைகளையல்ல, பிறருக்கானவைகளையும் நோக்குவானாக’ என்று பவுல் எழுதும்போது, கண் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைத்தான் பேசுகிறார். தன்னைத் தாழ்வாக நினைப்பதும் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதுதான்.

இரண்டாம் முறை விட்டுக்கொடுத்தது

சாட்சிக் கூட்டங்களில் கதை இந்த இடத்தோடு நின்றுவிடும். ஆனால் எனக்கு இதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிது.

மேரி வர்கீஸ் மறுவாழ்வுச் சிகிச்சைக்காக ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குப் போனார். முதுகுத்தண்டு முறிந்தவர்கள் அங்கே தாமாகக் குளித்து, உடுத்து, வேலைக்குப் போய், குடும்பம் நடத்துவதைக் கண்டார். நம் நாட்டில் அன்று முதுகுத்தண்டு முறிந்தவரை வீட்டுக்கு அனுப்பினால், பெரும்பாலும் படுக்கைப்புண்ணிலோ சிறுநீர்த் தொற்றிலோ சில மாதங்களில் கதை முடிந்துவிடும். தாம் பிழைத்தது, தாம் விழுந்த இடம் வேலூராக இருந்ததால்தான் என்பது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. கிராமத்தில் மரத்திலிருந்து விழுந்தவனுக்கு, கிணற்றில் இடறியவனுக்கு யார் இருக்கிறார்கள்?

அதற்குப் பிறகு நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய மறுவாழ்வு மருத்துவ நிலையத்தில் பயிற்சி பெற்றார். வேலூர் திரும்பி அந்தத் துறையின் பொறுப்பை ஏற்றார். 1966இல் வேலூரை ஒட்டிய பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. நோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் இத்தகைய நிலையம் இந்தியாவில் அதற்குமுன் இருந்ததில்லை. இன்று அது அவர் பெயரிலேயே இருக்கிறது.

கவனியுங்கள். கை அறுவையில் அவருக்குத் தேர்ச்சி வந்துவிட்டது. விபத்துக்குப் பிறகு, மிகுந்த பாடுபட்டு, தமக்கென்று மீட்டுக்கொண்ட ஒரே இடம் அது. அங்கேயே இருந்திருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அதை விட்டுவிட்டு, நாட்டில் சரியாகப் பெயர்கூடத் தெரியாத ஒரு துறையில் புதிதாகத் தொடங்கினார். பறிபோனதை ஏற்றுக்கொள்வது ஒன்று. பாடுபட்டுத் திரும்பப் பெற்றதைப் பிறருக்காக மறுபடி கையிலிருந்து இறக்கி வைப்பது வேறு. ‘தன் ஜீவனை இரட்சிக்க விரும்புகிறவன் அதை இழந்துபோவான்’ என்ற வசனத்தை விபத்தின்மேல் பொருத்திப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அது இந்த இரண்டாவது முடிவின்மேல்தான் சரியாகப் பொருந்துகிறது.

இந்த நிகழ்வு எதைச் சொல்லவில்லை

இதை வைத்து யாரும் யாரையும் அடித்துவிடக் கூடாது என்பதால் சிலவற்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

மேரி வர்கீஸைச் சுற்றி ஒரு நிறுவனம் இருந்தது. நண்பர்கள் இருந்தார்கள், சம்பளம் இருந்தது, சக்கர நாற்காலி இருந்தது, அதை உள்ளே விடும் அறுவை அரங்கு இருந்தது. நம்பிக்கை இருந்தால் போதும், எதையும் வெல்லலாம் என்று அவருடைய பெயரைச் சொல்லி ஓர் ஏழை நோயாளியிடம் பேசுவது கொடுமை. அவரே அப்படிப் பேசிக்கொண்டு நிற்கவில்லை. கட்டில்களும் பயிற்சிக்கூடமும் உள்ள ஒரு நிலையத்தை உருவாக்கினார்.

நம் சபைகளில் தன்னை வெறுப்பது என்ற போதனை பெரும்பாலும் யாருடைய தலையில் இறங்குகிறது என்பதும் நமக்குத் தெரியும். மருமகள்கள்மேல், குறைந்த சம்பளத்தில் ஓயாமல் உழைக்கும் செவிலியர்கள்மேல், சொத்தில் பங்கு கேட்காமல் இருக்க வேண்டிய சகோதரிகள்மேல். மற்றவர் கழுத்தில் மாட்டும் சிலுவைக்குச் சுவிசேஷத்தில் இடம் இல்லை. மேரியிடம் பால் பிராண்ட் ஒரு வாசலைக் காட்டினார், தள்ளிவிடவில்லை. உள்ளே போவதா வேண்டாமா என்பது அவருடைய முடிவாக இருந்தது. அந்த உரிமை இல்லாத இடத்தில் நடப்பதற்குப் பெயர் வேறு.

என் சித்தப்பா

இந்த ஆய்வுக்கு நான் வெளியாள் இல்லை. என் சித்தப்பா பனைமரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். பதினோர் ஆண்டுகள் இருந்தார். முதல் ஓராண்டு, சித்தி தம்மைத் துடைக்க வரும்போதெல்லாம் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார், பேச மாட்டார். வீட்டில் ஜெபக்கூட்டம் வைத்தால் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொள்வார். ஊருக்கெல்லாம் ஏறிக் கொடுத்த மனிதருக்குச் சொட்டுத் தண்ணீரைக்கூடக் கேட்டு வாங்க வேண்டியதாயிற்று.

மாற்றம் ஒரு கண்ணாடியில் தொடங்கியது. முதுகையும் பிட்டத்தையும் தானே பார்த்துக்கொள்ள நீண்ட கைப்பிடி வைத்த முகக்கண்ணாடி ஒன்றைச் சித்திதான் கட்டித் தந்தார். தினமும் காலையில் தோல் சிவந்திருக்கிறதா என்று அவரே பார்த்துச் சொல்லத் தொடங்கினார். பிறகு பக்கத்து ஊரில் இதேபோல் விழுந்த ஒரு பையனைப் பற்றிக் கேள்விப்பட்டார். ஓர் ஆட்டோவில் நாங்கள் மூன்று பேர் அவரைத் தூக்கி ஏற்றிக்கொண்டு போனோம். அந்தப் பையனுக்கு அவர் ஜெபம் பண்ணவில்லை, வசனம் சொல்லவில்லை. மடியில் கண்ணாடியை வைத்துக்கொண்டு, அதை எந்தக் கோணத்தில் சாய்த்தால் வால் எலும்பு தெரியும் என்று காட்டிக் கொடுத்தார். அரை மணி நேரம். திரும்பி வரும் வழியில், விழுந்த நாளுக்குப் பிறகு முதல் முறையாக, பசிக்கிறது என்று அவராகவே சொன்னார். சாலையோரக் கடையில் ஆட்டோவை நிறுத்தி பரோட்டா வாங்கிக் கொடுத்தோம்.

வேலூரில் ‘ரீஹாப் மேளா’ நடக்கிறது. பாகாயம் நிலையத்தில் சிகிச்சை பெற்றுப் போன பழைய நோயாளிகள் ஊர் ஊராக இருந்து கூடி வருகிறார்கள். மருத்துவர்கள் அவர்களுடைய தோலையும் சிறுநீரகத்தையும் சோதிக்கிறார்கள். விளையாட்டும் பாட்டும் நடக்கின்றன. அவர்களில் பலருக்கு மேரி வர்கீஸ் யார் என்று படத்தில் பார்த்துத்தான் தெரியும். புதிதாக விழுந்து, இன்னும் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் ஒருவரின் கட்டிலருகே பத்து வருடம் சக்கர நாற்காலியில் வாழ்ந்த இன்னொருவர் வந்து, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு எப்படி மாறுவது என்று காட்டும்போது, முதலில் பிரேக் போடச் சொல்வார். அதற்குப் பிறகு, கையை இங்கே ஊன்றுங்கள் என்பார்.